ஏரிக்கரையில் ஒரு பாலைவனம்

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஐப்பசி அடைமழையில் நடந்தது இது. பாகூர் ஏரி நிரம்பி, வாய்க்கால்கள் வழிந்து, எங்கள் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. ஊரே வீட்டுக்குள் வந்த தண்ணீரை வாளியில் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தது. நான் மட்டும் கூடத்தில் உட்கார்ந்து பாலைவனம் கட்டிக்கொண்டிருந்தேன்.

உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது. இதை எழுதும்போதுகூடக் கொஞ்சம் வருகிறது.

எல்லாம் என் அக்கா மகளால் வந்த வினை. அவள் பெரியவளானபோது நடந்த மஞ்சள் நீராட்டு விழாவில், தாய்மாமன் என்ற முறையில் மாலை போட்டுவிட்டு நான் சும்மா இறங்கியிருக்கலாம். பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "ஒனக்கு இன்னா வேணும், கேளுடி, மாமன் செய்யறேன்" என்று சொல்லித் தொலைத்தேன். எல்லாத் தாய்மாமன்களும் சொல்வதுதான். பெண்ணும் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்ளும், பேச்சு அதோடு முடிந்துவிடும். இவள் குனியவில்லை. "அப்புறமா கேக்கறேன் மாமா" என்றாள். அதை வருடக்கணக்கில் பத்திரமாக வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

திருச்சி பக்கம் ஒரு கல்லூரியில் பிசியோதெரபி படிக்க இடம் கிடைத்து, கிளம்புவதற்கு முதல் நாள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஒரு பல்லி.

நம் வீட்டுச் சுவரில் ஓடும் பல்லி இல்லை. ஒரு சாண் நீளம், மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள், விரல் தடிமனுக்குக் கொழுத்த வால். 'கெக்கோ' என்றாள். காய்ந்த நிலத்தில் வாழ்கிற பிராணியாம். அவளோடு படித்த பெண்ணின் குடும்பம் வெளிநாடு போனபோது, அதை வளர்ப்பதற்கான அரசுப் பதிவையெல்லாம் முறையாகப் பெயர் மாற்றி இவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதற்குப் பெயர்கூட வைத்திருக்கிறாள். அதை இங்கே எழுதினால் எங்கள் ஊர்க்காரர்கள் குடும்பத்தையே கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

என் அக்காவுக்குப் பல்லி என்றாலே குலை நடுங்கும். தலையில் விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன் என்று நாள்காட்டியின் பின்பக்கத்தை மனப்பாடமாக வைத்திருப்பவள். "ஒண்ணு அது இந்த வூட்ல இருக்கட்டும், இல்ல நான் இருக்கறேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டாள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. நீ அந்தப் பக்கம் பஸ் ஏறினதும் இந்தப் பக்கம் அதைக் கொண்டுபோய் ஏரியில் விட்டுவிடுவேன் என்றும் கோபத்தில் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து மகள் அம்மாவோடு பேசவில்லை. இரண்டும் ஒரே பிடிவாதம், ஒரே வாய். யார் சொல்லியும் கேட்கவில்லை.

"அன்னிக்கு சொன்னியே மாமா, கேளுன்னு. இப்ப கேக்கறேன். இதுக்கு ஒரு பாலைவனம் கட்டிக் குடு" என்றாள்.

நகையோ பட்டுப்புடவையோ கேட்டிருந்தால் கடனை உடனை வாங்கியாவது நிம்மதியாக முடித்திருப்பேன். மறுநாள் அவள் பஸ் ஏறினாள். அப்பாவிடம் சொல்லிக்கொண்டாள், என்னிடமும் என் மனைவியிடமும் சொல்லிக்கொண்டாள். அம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை. அக்கா தண்ணீர் பாட்டிலை ஜன்னல் வழியாக நீட்டியபோது அதை அப்பாதான் வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.

விடுதி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தினமும் சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்ததும் வீடியோ காலில் வருவாள். சாப்பாடு பிடிக்கவில்லை, அறையில் இருக்கிற பெண்கள் பேசுவதில்லை, நான் வந்துவிடுகிறேன் மாமா என்று அழுவாள். டப்பாவைத் திறந்து பல்லியைக் காட்டினால் அழுகை நிற்கும். அது நாக்கை நீட்டித் தன் மூக்கைத் தானே நக்கிக்கொள்ளும். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சரி நாளைக்கும் இருந்து பார்க்கிறேன் என்று போனை வைப்பாள். இப்படி ஒவ்வொரு நாளாக அவளை அந்தக் கல்லூரியில் பிடித்து வைத்திருந்தது ஒரு பல்லி. அதற்கு ஒன்று ஆகிவிட்டால் இவள் படிப்பு அவ்வளவுதான் என்று எனக்குப் புரிந்துபோனது. அதனால்தான் அந்த மழையில் அவ்வளவு பாடுபட்டேன்.

பாலைவனம் என்றால் மணலைக் கொட்டினால் போதும் என்று நினைத்திருந்தேன். இல்லையாம். உயிருள்ள பாலைவனமாக இருக்க வேண்டுமாம். மண், மணல், பாறை, செடி, காய்ந்த இலை, மண்ணுக்குள் பூச்சிகள். பல்லியின் கழிவைப் பூச்சிகள் தின்னும், அது செடிக்கு உரமாகும், தானாகவே எல்லாம் சுத்தமாகும். "கழுவற வேலையே ஒனக்கு இருக்காது மாமா" என்று ஆசை காட்டினாள்.

திருபுவனை தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வரும் வழியில், வில்லியனூரில் மீன் தொட்டி செய்கிற கடையில் ஏறினேன். எவ்வளவு தண்ணீர் நிரப்புவீர்கள், அதற்கேற்ற கண்ணாடி போடுகிறேன் என்றார் கடைக்காரர். தண்ணீரே ஊற்றப்போவதில்லை, மண் நிரப்பப்போகிறேன், மேலே வலை மூடி வேண்டும் என்றேன். "பாம்பா சார்?" என்றார். பல்லி என்றேன். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு பேசாமல் அளவு எடுத்தார். அந்தக் கண்ணாடித் தொட்டியைப் பைக்கில் பின்னால் கட்டிக்கொண்டு மழையில் பாகூர் வரை வந்த கதையை எழுதினால் அது தனிக்கதை.

மணல் காய்ந்திருக்க வேண்டும். அந்த மழையில் காய்ந்த மணலுக்கு எங்கே போவது? மாடியில் பரப்பினால் அரைமணி நேரத்தில் சேறாகிறது. கடைசியில் என் மனைவியின் பெரிய வாணலியை எடுத்து, வேர்க்கடலை வறுப்பதுபோல மணலை வறுத்தேன். அவள் கொல்லையிலிருந்து வந்து பார்த்தாள். "அது ஆறினதும் அதுலயே உங்களுக்கு சாப்பாடு போடறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். செடிக்காக, திருஷ்டிக்கு வாசலில் கட்டித் தொங்கவிட்டிருந்த கற்றாழையை அவிழ்த்து நட்டேன். அதற்கும் திட்டு வாங்கினேன். பல்லிக்குத் தீனியாகப் பார்சலில் வந்த புழு டப்பாவைக் குளிர்ச்சியில் வைக்கச் சொல்லியிருந்ததால், பிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வைத்தேன். அதை அவள் இட்லிப்பொடி என்று நினைத்துத் திறந்துவிட்டாள். அன்றைக்கு நடந்ததை எழுதவில்லை.

மண் விஷயத்துக்கு வருகிறேன். "மருந்து அடிக்காத மண்ணா இருக்கணும் மாமா. எல்லாம் இயற்கையா இருக்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எங்கள் ஊரில் இயற்கை என்றால் வேம்பு. வயலுக்கு வேப்பம் புண்ணாக்கு, செடிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல், அம்மை போட்டால் வேப்பிலை. நான் என்ன செய்வேன்? மண்ணில் இரண்டு கை வேப்பம் புண்ணாக்கை நொறுக்கிக் கலந்தேன். மேலே பரப்ப, காய்ந்த வேப்பிலையையே நொறுக்கித் தூவினேன். பல்லி ஒளிந்துகொள்ள வேப்பம் பட்டையில் ஒரு குகை. இதைவிடச் சுத்தமான வீடு எந்தப் பல்லிக்கும் அமையாது என்று எனக்கு உள்ளூரப் பெருமை. அவளிடம் வேம்பு என்று தனியாகச் சொல்லவில்லை. குழம்பில் உப்பு போட்டேன் என்று யாராவது தனியாகச் சொல்வார்களா?

பிறகு பூச்சிகள் வந்தன. உப்புத்தூள் அளவில் வெள்ளையாகத் துள்ளுகிற ஒரு வகை, தொட்டால் பந்தாகச் சுருண்டுகொள்கிற சாம்பல் நிறத்தில் இன்னொரு வகை. பணம் கட்டிப் பூச்சி வாங்கினான் என்று தெருவில் பேச்சானது. சூட்டுக்கு விளக்கை மாட்டி, எல்லாவற்றையும் உள்ளே விட்டு, பல்லியையும் விட்டேன். போனில் அவள் கை தட்டினாள். அப்பாடா, தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கியது என்று படுத்தேன்.

அந்த நிம்மதி கொஞ்ச நாள்தான் இருந்தது. முதலில் பூச்சிகளைக் காணவில்லை. ஆழத்துக்குப் போயிருக்கும் என்று நினைத்தேன். பல்லியின் கழிவின் மேல் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்தது. பல்லி அந்தக் குகைப் பக்கமே போகவில்லை. கண்ணாடியை ஒட்டி நின்று முகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. புழுவை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. தோல் பாதி உரிந்து கால் விரல்களில் ஒட்டிக்கொண்டது. வால் மெலிய ஆரம்பித்தது. அந்த வாலில்தான் அது கொழுப்பைச் சேர்த்துவைக்குமாம், வால் மெலிந்தால் ஆபத்தாம்.

விளக்கை ஏற்று என்றாள், ஏற்றினேன். இறக்கு என்றாள், இறக்கினேன். தண்ணீர்க் கிண்ணத்தை இந்த மூலைக்கு வை, அந்த மூலைக்கு வை என்றாள். இணையத்தில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கால்நடை மருத்துவரிடம் டப்பாவில் எடுத்துப்போனேன். மாடு, ஆடு, நாய் நிறைய பார்த்திருக்கிறேன், இதை இப்போதுதான் நேரில் பார்க்கிறேன் என்று உண்மையைச் சொன்னார் அந்த நல்ல மனிதர். வரிசையில் ஆட்டுக்குட்டியோடு நின்றவர்களெல்லாம் சுற்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு வந்த எரிச்சலில் அந்தத் தொட்டியைத் தூக்கிக் கொல்லையில் போட்டுவிடலாமா என்று இருந்தது.

இதற்கு நடுவில் என் அக்கா. அடுத்த தெருவில்தான் வீடு. தினமும் சாயங்காலம் சரியாக நான் மகளோடு பேசுகிற நேரத்துக்குக் கொல்லை வழியாக ஒரு கிண்ணம் குழம்போடு வருவாள். பல்லி இருப்பதால் கூடத்துக்கு வரமாட்டாள். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, பேச்சு முடிந்ததும், "ஊரே வெள்ளத்துல கெடக்குது, இவன் பல்லிக்கு வூடு கட்றான்" என்று ஒரு குத்து குத்திவிட்டுப் போவாள். எனக்கு இருக்கிற தொல்லையில் இது வேறு என்று ஒருநாள் மனைவியிடம் கத்தினேன்.

"அவங்க இன்னா, குழம்பு குடுக்கவா வர்றாங்க?" என்று கேட்டாள் அவள். "பொண்ணு கொரலக் கேக்க வர்றாங்க. இதுகூடத் தெரியாத ஆளு நீங்க."

அன்றிலிருந்து போனின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அக்கா, நீயே வந்து பேசேன் என்றால், அவ பேசட்டும் என்பாள். மகளிடம் அம்மாவோடு ஒரு வார்த்தை பேசு என்றால், சிக்னல் சரியாக இல்லை மாமா என்பாள். எத்தனையோ நல்ல வார்த்தை சொல்லிப் பார்த்துவிட்டோம்.

ஒரு நாள் பல்லி தூங்குகிறது என்று பொய் சொன்னேன். மறுநாளும் அதையே சொன்னேன். "தூங்கட்டும், காட்டு" என்றாள். காட்டினேன். வாலைப் பார்த்தாள். வழக்கம்போல அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அது செத்துட்டா நான் இங்க இருக்க மாட்டேன் மாமா. கெளம்பி வந்துடுவேன். திரும்பிப் போவ மாட்டேன்" என்றாள். அடுக்களையில் கிண்ணம் தரையில் விழுந்த சத்தம் கேட்டது.

போனை வைத்ததும் அக்கா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு கூடத்துக்குள் வந்தாள். அந்தப் பல்லி என் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் கூடத்தில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. தொட்டியிலிருந்து எட்டடி தள்ளி நின்றாள்.

"இன்னாடா இது, கூடம் பூரா புண்ணாக்கு நாத்தம்?"

வேப்பம் புண்ணாக்குத்தான், மண்ணில் கலந்திருக்கிறேன், மேலே வேப்பிலை, எல்லாம் இயற்கை என்று விளக்கினேன். எனக்கும் என் மனைவிக்கும் அந்த வாசனை பழகிப்போய்விட்டது. போனில் பார்க்கிறவளுக்கு வாசனை தெரிய வழியில்லை.

"உள்ள பூச்சி வுட்டிருக்கேன், அது பொழைக்கணும்னு அவகிட்ட சொன்னியே?"

"ஆமா."

"அரிசி மூட்டையில வேப்பிலை எதுக்குடா போடறோம்? அழகுக்கா?"

அரிசியில் வண்டு வராமலிருக்க வேப்பிலை போடுவது எங்கள் வீட்டிலேயே வருடா வருடம் நடப்பதுதான். பயறு டப்பாவில் போட்டவனும் நான்தான். அதே கையால் பூச்சியை வளர்க்க வேண்டிய மண்ணில் புண்ணாக்கைக் கலந்திருக்கிறேன். பூச்சி போனது, அதனால் கழிவு அப்படியே கிடந்து பூஞ்சணம் பிடித்தது, அந்த நெடியில் பல்லி தவித்துக்கொண்டிருந்தது. அடுக்களையிலிருந்து என் மனைவி சிரித்த சிரிப்பு அடுத்த வீடு வரை கேட்டிருக்கும்.

உடனே பல்லியைப் பழைய டப்பாவுக்கு மாற்றினேன். மறுநாள் லீவு போட்டேன். மழை கொஞ்சம் விட்டிருந்தது. காலையிலேயே அக்கா வந்து அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள், தூரத்தில் நின்றபடிதான். பழைய மண்ணையெல்லாம் கொட்டச் சொன்னாள், தொட்டியைக் கழுவச் சொன்னாள். அவள் வீட்டுக் கொல்லையில் எதுவும் போடாத பாதாம் மரத்தடி மண்ணை அள்ளி வந்தோம். அதன் காய்ந்த இலைகளையும் எடுத்துக்கொண்டோம். துணி துவைக்கிற கல்லுக்கு அடியில் அந்தச் சுருண்டுகொள்கிற பூச்சிகள் ஏராளமாக இருந்தன. அக்காவே தேங்காய் ஓட்டால் அள்ளிக் கொடுத்தாள். வாணலி மறுபடி அடுப்பில் ஏறியது. என் மனைவி இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை, கரண்டியை வாங்கி அவளே வறுத்தாள்.

சாயங்காலம் எல்லாம் முடியும் நேரம். பெரிய தட்டைக் கல் ஒன்றைத் தொட்டிக்குள் இறக்க நான் இரண்டு கையாலும் தூக்கியிருந்தேன். அப்போது போன் வந்தது. மனைவி எடுத்து வீடியோவைத் தொட்டிப் பக்கம் திருப்பினாள். மேசை மேல் இருந்த டப்பாவின் மூடி சரியாக மூடவில்லை போல. பல்லி வெளியே வந்துவிட்டது. மேசை விளிம்பை நோக்கி விறுவிறுவென்று ஓடியது. கீழே சிமெண்டுத் தரை. என் கையில் கல், மனைவி கையில் போன், நாங்கள் இரண்டு பேரும் கத்துவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியவில்லை.

அக்காதான் பாய்ந்தாள். "ஐயோ ஐயோ" என்று அலறிக்கொண்டே, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, இரண்டு கையையும் அதன் மேல் கவிழ்த்துவிட்டாள். உடம்பு முழுக்க வெடவெடவென்று நடுங்கியது. ஆனால் கையை எடுக்கவில்லை.

போனில் சத்தமே இல்லை. அந்தக் கையையும் வளையலையும் பார்த்து யார் என்று அவளுக்குத் தெரியாதா? வைத்துவிட்டாளோ என்று எட்டிப் பார்த்தேன். வைக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வாலப் புடிக்காத. அறுந்துடும். அடியில கை குடு" என்றாள்.

"எங்கடி குடுக்கறது? நெளியுதுடி, சொல்லித் தொலைடி!"

"வயித்துக்கு அடியில. மெதுவா. நீ நடுங்கினா அதுவும் பயப்படும்மா."

"நடுங்காம? எனக்குத்தான்டி உயிர் போவுது."

அவள் சொல்லச் சொல்ல, அக்கா கண்ணைத் திறந்து, அதைக் கையில் ஏந்தி, தொட்டிக்குள் இறக்கினாள். இறக்கிவிட்டுக் கையைப் பார்த்தாள், ஓவென்று அழுதாள். அந்தப் பக்கம் அவளும் அழுதாள். அழுதுகொண்டே இருவரும் பேசினார்கள். சாப்பிட்டியா, ஏன் இப்படி இளைச்சுட்ட, அந்த ரூம் பொண்ணுங்க இப்ப பேசறாங்களா என்று ஒவ்வொன்றாக வந்தது. நான் கல்லோடு நின்றுகொண்டே இருந்தேன். இதை எங்கே வைப்பது என்று கேட்டதற்கு, "சும்மா இரு மாமா, அம்மாகிட்ட பேசிக்கினு இருக்கேன்ல" என்று அதட்டினாள். ஒரு பாலைவனத்தை இரண்டு தடவை கட்டியவனுக்குக் கிடைத்த மரியாதை இதுதான்.

பல்லி அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. ஒருநாள் புழுவைக் கவ்வியது, வால் மெல்லத் திரண்டது. இவளும் கல்லூரியை விட்டு வரவில்லை, இப்போது கடைசி வருடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறாள். அம்மாவும் மகளும் தினமும் பேசுகிறார்கள். பாதி நேரம் சண்டைதான். அக்கா இன்னும் பல்லியைக் கண்டால் அலறுகிறாள், ஆனால் தொட்டிக்குத் தண்ணீர் தெளிப்பது அவள்தான். நான் தெளித்தால் அளவு தெரியாதாம்.

அன்றைக்கு அந்த இருவருக்கும் நடுவில் மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை, தப்பு யார்மேல் என்ற பேச்சும் எழவில்லை. அதனால் இப்போதெல்லாம் உறவில் யாராவது முகம் திருப்பிக்கொண்டிருந்தால், நான் சமாதானம் பேசப் போவதில்லை. இருவர் கையும் தேவைப்படுகிற ஏதாவது ஒரு வேலையை நடுவில் வைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு ஓரமாக நின்றுகொள்கிறேன்.